இரண்டு கிலோ வாங்கினால் நான்கு கிலோ

2019 ஜூன் மாதம். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்குப் போகிற பஸ். மேலே சாமான் வைக்க இடம் இருந்தும் பையை அங்கே வைக்க மனசு வரவில்லை, மடியிலேயே வைத்திருந்தேன். மஞ்சப்பை, அதற்குள் இன்னொரு துணிப்பை, அதற்குள் நான்கு கிலோ காட்டுயானம் நெல்.

பக்கத்தில் இருந்த பெரியவர் பையைத் தொட்டுப் பார்த்தார். "நெல்லா தம்பி? அரைக்கவா?"

"இல்லங்கய்யா. வாங்குன கடன திருப்பிக் குடுக்கப் போறேன்."

"ஓ, நெல் திருவிழாவுக்கா" என்றார். கேட்காமலே பையின் வாயை விலக்கி இரண்டு மணிகளை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். 'டக்' என்று உடைந்தது. "காய்ச்சல் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கையில் மீதமிருந்த அரை மணியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளே சிவப்பு. "காட்டுயானமா? எங்க தாத்தா காலத்துல பாத்தது."

அவர் கோட்டூரில் இறங்கும்வரை காட்டுயானத்தைப் பற்றித்தான் பேசினோம். அந்தப் பயிருக்குள் யானை புகுந்தாலும் தெரியாது என்பார்கள், அவ்வளவு உயரம். அதனால்தான் அந்தப் பெயர் வந்தது என்று அவருடைய தாத்தா சொன்னாராம். என் அப்பாவும் அதையேதான் சொல்லியிருந்தார்.

திருத்துறைப்பூண்டியில் வருஷா வருஷம் கோடையில் நடக்கும் நெல் திருவிழாவைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருவாரூர் மாவட்டத்தில் காவிரியின் கடைமடையில் இருக்கிற சிறிய ஊர் அது. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எல்லா ஊருக்கும் போய்விட்டுக் கடைசியில் அங்கே எட்டிப் பார்க்கும். மழைக்காலத்தில் எல்லா ஊர்த் தண்ணீரும் வடிந்து அங்கேதான் வந்து நிற்கும். வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் போகப் போக மண்ணில் உப்பு ஏறிவிடும். தண்ணீர் இல்லை, அப்புறம் தண்ணீர் அதிகம், அதற்கும் மேல் உப்பு. இந்த மூன்றையும் தாங்குகிற நெல் ஒரு காலத்தில் அந்த மண்ணில் இருந்தது. காணாமல் போன அந்த நெல்லைத் தேடிப் பிடித்து, பெருக்கி, மறுபடி விவசாயிகள் கையில் கொடுப்பதற்காகத் தொடங்கியதுதான் இந்தத் திருவிழா.

தொடங்கியவர் ஜெயராமன். பக்கத்தில் கட்டிமேடு கிராமத்துக்காரர். அச்சகத்தில் வேலை பார்த்தவர், பிறகு நுகர்வோர் அமைப்பில் இயங்கியவர். 2003இல் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணைவரை நடந்தே போனார். அந்தப் பயணத்தில் விவசாயிகளிடம் கிடைத்த சில பழைய நெல்லிலிருந்துதான் ஜெயராமனின் தேடல் ஆரம்பித்தது. 2006இல் திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் முதல் திருவிழாவை நடத்தினார். அதன்பிறகு ஊர் ஊராக அலைந்து, ஒரு கைப்பிடி இங்கே, அரைப்படி அங்கே என்று வாங்கி, 170க்கும் மேற்பட்ட ரகங்களைச் சேர்த்துவிட்டார். 'நெல்' என்ற பட்டம் நம்மாழ்வார் கொடுத்தது. அதற்குப் பிறகு நெல் ஜெயராமன் என்றே எல்லோருக்கும் தெரியும்.

திருவிழாவுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. வருகிற விவசாயி 2 கிலோ விதைநெல் வாங்கிக்கொண்டு போகலாம். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். அவ்வளவுதான். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. ஒரு நோட்டில் பெயர், ஊர், போன் நம்பர், ரகத்தின் பெயர் எழுதிக்கொள்வார்கள்.

நான் பார்த்த எத்தனையோ திருவிழாக்களில் பொருள் வாங்கலாம், சாப்பிடலாம், சாமி கும்பிடலாம், வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு பொறுப்பைக் கையில் கொடுத்து அனுப்புகிற திருவிழாவை நான் இங்கேதான் பார்த்தேன்.

நான் முதல்முறை போனது 2018இல். தஞ்சாவூரில் ஒரு அலுவலகத்தில் வேலை எனக்கு. விவசாயம் அப்பா பார்ப்பது. சனி, ஞாயிறு ஊருக்குப் போனால் வரப்பில் நின்று பார்ப்பேன், அதோடு சரி. அந்த ஆண்டு ஏதோ ஆர்வத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

கல்யாண மண்டபத்தில் திருவிழா. பந்தி மேசைகளில் வரிசையாகத் தட்டுகள், தட்டுகளில் நெல், ஒவ்வொன்றின் முன்னாலும் பெயர் எழுதிய அட்டை. வந்த எவரும் அட்டையை மட்டும் படித்துவிட்டு நகரவில்லை. எல்லோரும் கையை விட்டு அள்ளினார்கள், முகர்ந்தார்கள், சிலர் ஒரு மணியை வாயில் போட்டுக்கொண்டார்கள். நானும் ஒவ்வொரு தட்டாகத் தொட்டுக்கொண்டே போனேன். குழியடிச்சான். குடவாழை. கருங்குறுவை. பூங்கார். தூயமல்லி. இலுப்பைப்பூச் சம்பா. ஒட்டடையான். சம்பா மோசனம். கருடன் சம்பா. தங்கச் சம்பா. மாப்பிள்ளைச் சம்பா. கிச்சலிச் சம்பா.

அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு பெயரையும் யாரோ ஒருவர் வயலில் நின்று, கதிரைப் பார்த்து வைத்திருக்கிறார். கழுத்தில் வெள்ளை இருந்ததால் கருடன். பூவைப் போல வெளுத்து இருந்ததால் தூயமல்லி. எங்கள் ஊரில் இப்போது நெல்லுக்கு எண்தான் பெயர். 'நாப்பத்தி மூணு போட்டிருக்கேன்', 'ஆயிரத்தொம்பது போட்டிருக்கேன்' என்பார்கள். ஏடிடி 43, சிஆர் 1009. அந்த நெல்லையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், என்னைப் படிக்க வைத்தது அதுதான்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய நெல், புதிய நெல் என்று இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. 1960இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் வந்து ஒரு சில ஆண்டுகளில் டெல்டா முழுக்கப் பரவியது. அந்த ஆடுதுறை 27க்கு ஒரு பெற்றோர் ஜப்பானின் நோரின் 10. இன்னொரு பெற்றோர் ஜிஇபி 24, 1921இல் கோயம்புத்தூரில் வெளியிட்டது, நம் ஆட்கள் கிச்சலிச் சம்பா என்று கூப்பிட்டது. பழைய நெல் இல்லாமல் புதிய நெல் பிறக்கவில்லை. நாளைக்கு இன்னொரு புதிய நெல் வேண்டுமென்றாலும், வெள்ளம் தாங்கும் குணத்தையோ உப்புத் தாங்கும் குணத்தையோ இந்தத் தட்டுகளிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். தட்டு காலியாகிவிட்டால் எங்கே போவது?

விதை கொடுக்கும் மேசையில் ஒரு வயசான ஐயா உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கேட்கிறார்களே என்று நானும் மாப்பிள்ளைச் சம்பா கேட்டேன். அவர் நோட்டை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் தம்பி? வயலு மேடா, பள்ளமா?"

"பள்ளம்தாங்க. ஐப்பசி கார்த்திகையில இடுப்பளவு தண்ணி நிக்கும்."

"எத்தன நாளைக்கு நிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. மண்டபத்துக்கு வெளியே போய் அப்பாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். "பத்து நாள். வடிகால் தூந்து போச்சுன்னா பதினஞ்சு நாள். எதுக்குடா கேக்குற?" என்றார். உள்ளே வந்து சொன்னேன். அந்த ஐயா தலையை ஆட்டிவிட்டு, "காட்டுயானம் கொண்டு போங்க" என்று ஒரு பையை எடுத்துக் கொடுத்தார். விதைக் கடையில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அங்கே கேட்பது 'எத்தன மூட்டை?' என்பது மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பையைக் கையில் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு கிலோவா? இத வச்சு என்னடா பண்றது, ஏக்கருக்கு முப்பது கிலோ வேணும்."

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அது எங்கள் இருவருக்கும் மறக்க முடியாத சாயங்காலம். ஆயிரம் மணியை எண்ணி நிறுத்தால் ஏறக்குறைய 25 கிராம். அப்படியென்றால் 2 கிலோவில் 80,000 மணி. நூற்றுக்கு எண்பது முளைத்தால் 64,000 நாற்று. நாற்றுக்கு நாற்று 25 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர் விட்டு ஒற்றை நாற்றாக நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 16. ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 64,750. அப்பா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு கிலோ என்பதை யாரோ சும்மா சொல்லவில்லை, குத்துக்கு ஒரு நாற்று வைத்தால் அது ஒரு ஏக்கர் நெல். "சரி, பள்ளத்து வயல எடுத்துக்க" என்றார். மூணு மா. எங்கள் பக்கம் மூணு மா என்றால் ஒரு ஏக்கர் கணக்கு. எந்த நெல்லைப் போட்டாலும் அழுகிப்போகும் வயல் என்பதால் அதைக் கொடுத்தார் என்பது எனக்கும் தெரியும்.

அந்த ஆண்டு மேட்டூரில் வழக்கமான ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறக்கவில்லை, ஜூலையில்தான் திறந்தார்கள். எங்களுக்குத் தண்ணீர் வந்து சேர ஆவணி ஆகிவிட்டது. உப்புத் தண்ணீரில் முட்டையைப் போட்டு, அதன் தலை ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மேலே தெரிகிறவரை உப்பைக் கரைத்து, அதில் விதையைக் கொட்டினோம். மிதந்தது பதர், அதை வழித்து எடுத்தாயிற்று. அடியில் நின்றதை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி ஊறப்போட்டோம். நாற்றங்காலுக்கு ஒரு சென்ட் இடம் போதுமாக இருந்தது. இருபதாம் நாள் பறித்து நட்டோம். நடவு வந்த பெண்களுக்குக் குத்துக்கு ஒரு நாற்று என்பது மனசுக்கே ஒப்பவில்லை. "நட்ட மாதிரியே இல்லீங்களே, வயலு அழுவுதுங்க" என்றார் ஒருவர். உண்மையில் அன்றைக்குப் பார்க்க அப்படித்தான் இருந்தது, தண்ணீருக்கு நடுவே அங்கங்கே ஒரு பச்சை மயிர்.

ஐம்பது நாளில் தூர் கட்டிவிட்டது. எண்பதாம் நாள் வாக்கில் என் நெஞ்சுக்கு வந்தது.

அப்போதுதான் கஜா.

2018 நவம்பர் 16, விடியற்காலை. வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் எங்கள் ஊரை என்ன செய்தது என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியுமா என்று தெரியவில்லை. எங்கள் கொல்லையில் பதினோரு தென்னை. ஒன்பது விழுந்துவிட்டது. மாட்டுக்கொட்டகைக் கூரை பக்கத்துத் தெருவில் கிடந்தது. நான் மூன்றாம் நாள்தான் ஊருக்குள் போய்ச் சேர முடிந்தது. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்பை முற்றத்துக்கு மாற்றியிருந்தாள். வயலைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் இருவரும் போனோம். காட்டுயானம் முழுவதும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது, பாய் விரித்த மாதிரி. இலைகளெல்லாம் வாழையிலை கிழிந்த மாதிரி நாராகத் தொங்கின. புயலுக்குப் பின்னால் வந்த மழையில் தண்ணீரும் ஏறிவிட்டது. 'போச்சு' என்று திரும்பி வந்துவிட்டோம். கதிர் வராத பருவம் என்பது எங்களுக்கு அப்போது நினைவில் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஆடு மேய்க்கிற பையன் வந்து, "பெரியப்பா, ஒங்க பள்ளத்து வயலு எந்திரிச்சிருச்சு" என்றான். போய்ப் பார்த்தால் கணுவில் வளைந்து, தலையை மேலே தூக்கி, புது இலை விட்டிருந்தது. முழுவதும் எழவில்லை. வடக்குப் பக்கம் ஒரு மா அப்படியே அழுகிவிட்டது. மிச்சம் நின்றது.

டிசம்பர் 6ஆம் தேதி நெல் ஜெயராமன் சென்னையில் இறந்துபோனார். புற்றுநோய். ஐம்பதுதான் வயசு. அவர் சேர்த்த நெல் விளைகிற ஊர்களில் கூரையில்லாமல், கரண்ட் இல்லாமல் சனங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவருடைய உடல் கட்டிமேட்டுக்கு வந்தது. எங்கள் தெருவுக்கும் அப்போது கரண்ட் வரவில்லை. மன்னார்குடிக்குப் போய் போனுக்குச் சார்ஜ் ஏற்றிவந்த ஒருவர் சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. "நம்ம வயல்ல அவரு நெல்லு நிக்குது. போகாம இருந்தா எப்படி" என்று கிளம்பிப் போய்விட்டார். அந்த மனிதரை அப்பா ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. திரும்பி வந்து சாப்பிடாமல் வயலுக்குப் போய், இருட்டும்வரை வரப்பில் நின்றிருந்தார் என்று அம்மா சொன்னாள்.

தை மாசம் பூ எடுக்கத் தொடங்கியது. அதுவரை எனக்குத் தெரியாத ஒரு வேலையை அப்போதுதான் அப்பா கற்றுக்கொடுத்தார். சாப்பாட்டுக்கு விளைவிப்பது வேறு, விதைக்கு விளைவிப்பது வேறு. விதைக்கென்றால் கலவன் பொறுக்க வேண்டும். எல்லாப் பயிரும் பூ எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே பூத்து நிற்கிற ஒன்று, மற்றதைவிட ஒரு முழம் குட்டையாக நிற்கிற ஒன்று, அடித்தூரில் நிறம் மாறியிருக்கிற ஒன்று. வேற்று நெல். நன்றாகத்தான் விளைந்திருக்கும், ஆனாலும் வேரோடு பிடுங்கி வரப்பில் போட்டுவிட வேண்டும். விட்டால் அடுத்த ஆண்டு பத்தாகும், அதற்கு அடுத்த ஆண்டு நூறாகும், நாலாம் ஆண்டு காட்டுயானம் என்ற பெயர் மட்டும்தான் பையில் இருக்கும்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன், வயலின் நடுப்பகுதியில் மட்டும், நாலு சனிக்கிழமை நானும் அப்பாவும் இரண்டு பக்கமாக நடந்தோம். பயிர் எங்கள் இருவரையும்விட உயரம். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். "இங்க ஒண்ணு... தம்பி, ஒன் எடது கைப் பக்கம் பாரு, முன்னாலயே பழுத்து நிக்குது." தாள் உரசுகிற சத்தம். நெல் பூவுக்கு ஒரு வாசம் உண்டு, பால் பொங்கப்போகிற நேரத்து வாசம். எனக்கு நாற்பத்தாறு வயசு. எங்கள் வயலின் நட்ட நடுவில் நான் அவ்வளவு நேரம் நின்றது அதுதான் முதல்முறை.

அந்த நாட்களில் அப்பா நிறையப் பேசினார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது சீக்கிரம் விளையும் குறுவை விதையோடு, அதிக நாள் பிடிக்கும் ஒட்டடையானைக் கலந்து போடுவார்களாம். குறுவையை அறுக்கும்போது ஒட்டடையானின் தாளும் சேர்ந்து அறுபடும். அறுத்த தாள் மறுபடி தழைத்து, மழை வெள்ளமெல்லாம் தாங்கி, தையிலோ மாசியிலோ தனியாக விளையும். ஒரு உழவு, ஒரு விதைப்பு, இரண்டு அறுவடை. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத கடைமடைக்காரன் கண்டுபிடித்த வழி அது. "பத்தாயத்துல அந்த நெல்லு இருந்துச்சுடா. ஒரு வருசம் விதைக்கல, மறு வருசம் விதைக்கல. அப்புறம் தேடுனா ஊருலயே இல்ல" என்றார். நெல் காணாமல் போவது அப்படித்தான். பத்தாயத்தில் கிடக்கிற நெல் இரண்டு மூன்று ஆண்டுதான் முளைப்புத் தாங்கும். யாரும் அழிக்க வேண்டியதில்லை, ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் 'இந்த வருஷம் வேண்டாம்' என்று நினைத்துவிட்டால் போதும்.

மாசியில் அறுத்தோம். மிஷின் உள்ளே இறங்காது, ஆள் வைத்துத்தான் அறுக்க வேண்டும். கூலி அதிகம். பதிமூன்று மூட்டை கிடைத்தது, 60 கிலோ மூட்டை. பக்கத்து மேட்டு வயலில் முப்பது மூட்டை எடுக்கிறவர்கள் உண்டு. பள்ளத்து வயலில் புயல் ஆண்டில் பதிமூன்று என்பது எங்களுக்குப் பெரிது, ஆனால் இந்தக் கணக்கை மறைத்துவிட்டுப் பாரம்பரிய நெல்லைப் பற்றிப் பேசக்கூடாது என்று நினைக்கிறேன். திருவிழா மேடைகளில் சிலர் இந்த அரிசி சாப்பிட்டால் சர்க்கரை போய்விடும், அந்த நோய் போய்விடும் என்று பேசுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. தவிடு நீக்காத சிவப்பரிசி நல்ல சாப்பாடு. அது போதும். அதை மருந்தாக்கி விற்றால் இன்றைக்குக் கருப்புக் கவுனிக்குக் கூட்டம் வரும், குழியடிச்சானையும் களர் சம்பாவையும் யாரும் கேட்க மாட்டார்கள். உப்பு மண்ணைத் தாங்குகிற அந்த நெல்தான் கடலோர விவசாயிக்கு வேண்டியது.

விற்பதும் சுலபமில்லை. கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டு விலைதான். காட்டுயானத்துக்கென்று தனி விலை கிடையாது. தவிடு போகாமல் உமியை மட்டும் நீக்கித் தருகிற மில்லைத் தேடி அலைய வேண்டியிருந்தது. 2021 வேளாண் பட்ஜெட்டில் தமிழக அரசு நெல் ஜெயராமன் பெயரிலேயே மரபுசார் நெல் ரகங்கள் பாதுகாப்பு இயக்கத்தை அறிவித்து, அரசு விதைப் பண்ணைகளில் இவற்றைப் பெருக்கத் தொடங்கியபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. விதைக்குச் செய்ததை அப்படியே விலைக்கும் செய்தார்கள் என்றால் எங்கள் பக்கத்தில் இன்னும் நாலு பேர் துணிந்து இறங்குவார்கள்.

வைக்கோலைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆளுயரத்துக்கும் மேலே, மூங்கில் பிளாச்சு மாதிரி உறுதியான தாள். மிஷின் அறுத்துத் துப்புகிற குட்டை வைக்கோலைப் பார்த்துப் பழகிய எனக்கு, கட்டுக் கட்டாக அது களத்தில் நின்றதே ஒரு காட்சி. கஜா தூக்கிப்போன மாட்டுக்கொட்டகைக் கூரையை அந்த வைக்கோலை வைத்துத்தான் பங்குனியில் வேய்ந்தோம். தென்னை இல்லாத ஊரில் கீற்றுக்கு எங்கே போவது?

விதைக்கென்று எடுத்துவைத்த நெல்லை அப்பா அமாவாசைக்கு அமாவாசை வெயிலில் காயவைத்தார். நொச்சி இலை போட்டுக் கட்டிவைத்தார். திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், தராசு இருக்கும்போதே, "படிய எடுத்தா" என்றார். முற்றத்தில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்து அளந்தார். முதல் படிக்கு 'ஒண்ணு' என்று சொல்லவில்லை. "லாபம்" என்றார். அப்புறம் "ரெண்டு... மூணு..." களத்தில் நெல் அளக்கும்போது தாத்தா அப்படித்தான் அளப்பார், பொலி தூற்றும்போது 'பொலியோ பொலி' என்று குரல் கொடுப்பார். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். கோயிலுக்குக் கொடுத்த காசுக்குப் பொலிசையாக நெல் அளந்த செய்தி எத்தனையோ கல்வெட்டில் இருக்கிறது. களத்து மேட்டில் குவிகிற நெல்லும் பொலி, கடனுக்குப் பெருகுகிற வட்டியும் பொலிசை. இரண்டுக்கு நான்கு என்று நெல் ஜெயராமன் வைத்த கணக்கு இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்கத் தேவையே இல்லாத கணக்கு.

படியில் அளந்த பிறகு தராசிலும் வைத்தோம். நான்கு கிலோவுக்கு மேலே ஒரு கைப்பிடி இருந்தது. எடுக்கப் போனேன். "கெடக்கட்டும்" என்றார். ஒரு சிறு காகிதத்தில் 'காட்டுயானம், 180 நாள், பள்ளத்து வயல், 2018 சம்பா' என்று எழுதி, கீழே அவருடைய போன் நம்பரையும் எழுதிப் பைக்குள் போட்டார். போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அந்த நான்கு கிலோவைத்தான் மடியில் வைத்துக்கொண்டு போனேன். 2019 திருவிழா நெல் ஜெயராமன் இல்லாத முதல் திருவிழா. நுழைவாசலில் அவருடைய படம், மாலை. கூட்டம் குறைந்திருக்கும் என்று பயந்தேன், நடக்க இடமில்லை. ராமநாதபுரம், விழுப்புரம், சேலம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். விதை வாங்குகிற வரிசைக்குப் பக்கத்தில் திருப்பித் தருகிற வரிசை. அது சின்னதுதான். வாங்கிப்போன எல்லோரும் திருப்பித் தருவதில்லை, விளையாமல் போனவர்கள் இருப்பார்கள், மறந்தவர்களும் இருப்பார்கள். ஆனால் அந்தச் சின்ன வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு அம்மா பூங்கார் கொண்டுவந்திருந்தார், நான்குக்குப் பதில் ஆறு கிலோ. "கஜாவுல என் வீட்டு ஓடு பூரா போச்சுங்க, இது மட்டும் மேல பரண்ல கெடந்துச்சு" என்றார்.

போன ஆண்டு பார்த்த அதே ஐயாதான் மேசையில். என்னை நினைவில்லை. நோட்டைப் புரட்டி என் பெயரைக் கண்டுபிடித்து ஒரு கோடு போட்டார். பையைப் பிரித்து, கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "கலவன் எடுத்திருக்கீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பஸ் ஸ்டாண்டுவரை எனக்குக் கால் தரையில் படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "யாரு வாங்குனா?"

"அங்க குடுத்துட்டேன்ப்பா. அவங்க யாருக்காவது குடுப்பாங்க."

"மேட்டு வயலுக்குக் குடுத்துடாம இருக்கணும்" என்றார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் மேட்டூர் திறந்தது. புரட்டாசி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஊரில் இருந்தபோது அப்பாவின் போன் அடித்தது. தெரியாத நம்பர். சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏதோ ஒரு ஊர். "ஐயா, பைக்குள்ள ஒங்க நம்பர் இருந்துச்சு" என்று அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. அப்பா எழுந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, போனைக் காதில் அழுத்தி, சம்பந்தி வீட்டாரிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டார்.

"சொல்லுங்க... நாத்து விட்டு எத்தன நாளாச்சு?"